இஸ்திரிப் பெட்டிக்கு ஓட்டை எதுக்கு?

உங்கள் தெருவில் ஒருவர் இருப்பார். உங்கள் தெருவில் இல்லையென்றால் அடுத்த தெருவில் கண்டிப்பாக இருப்பார். ஒரு பொருளை அவர் கையில் கொடுத்துப் பாருங்கள். அதை வைத்து வேலை செய்ய மாட்டார். முதலில் தலைகீழாகத் திருப்புவார், அடியைப் பார்ப்பார், விரல் முட்டியால் ரெண்டு தட்டு தட்டுவார், ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் ஓரம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார், பிறகு பெண் பார்க்கப் போன இடத்தில் பஜ்ஜி சரியில்லை என்று முகம் சுளிக்கிற மாப்பிள்ளை வீட்டுப் பெரியப்பா மாதிரி உதட்டைப் பிதுக்கி, "ம்ஹும், இதச் செஞ்சவன் யோசிக்கலையே!" என்பார்.

அவ்வளவுதான். அந்தப் பொருளுக்குக் கெட்ட காலம் ஆரம்பித்துவிட்டது.

இவர்களுக்குத் திருத்தக்காரர்கள் என்று பெயர் வைக்கலாம். ரிப்பேர்க்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். ரிப்பேர்க்காரர் ஓடாததை ஓட வைப்பவர். இவர் ஓடுகிறதை நிறுத்துபவர். கெட்டுப்போன பம்புசெட்டைக் காட்டினால் "மெக்கானிக்கக் கூப்புடு" என்று நடையைக் கட்டிவிடுவார். ஒழுங்காகத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கிற பம்புசெட் என்றால்தான் பக்கத்தில் குந்துவார்.

காரைக்கால் பக்கத்து நெரவியில் தெட்சிணாமூர்த்தி அப்படி ஒருவர். ஆறு மா நிலம் வைத்து விவசாயம். குறுவை, தாளடி என்று வயலில் வேலை இருக்கிற வரைக்கும் வீட்டுச் சாமான்களெல்லாம் நிம்மதியாக இருக்கும். அறுவடை முடிந்தால் போச்சு. கொல்லைக் கதவின் தாழ்ப்பாளைத் திருடன் திறக்க முடியாதபடி ஒரு தடவை திருத்தினார். திருடன் என்ன, வீட்டுக்காரர்களாலேயே அதற்கப்புறம் திறக்க முடியவில்லை. மூன்று மாதம் மாட்டுக்குத் தண்ணி காட்ட வாசல் வழியாக ஊரைச் சுற்றிப் போனார்கள். சைக்கிள் கேரியரில் குடை செருக ஒரு வளையம் வைத்தார். குடை நன்றாக நின்றது. ஆள்தான் உட்கார முடியவில்லை. "பின்னால பாரம் இல்லாம எவ்வளவு லேசா போவுது பாத்தியா?" என்று மனைவி காசியம்மாவிடம் கேட்டார். அந்தப் பாரம் காசியம்மா.

இப்படிப்பட்டவருக்குப் பேத்தி பிறந்தால் என்ன செய்வார்?

வழக்கம் விடுமா? பிறந்த மூன்றாம் நாள் குழந்தையைக் கையில் கொடுத்தார்கள். இப்படித் திருப்பினார். அப்படித் திருப்பினார். உள்ளங்காலைப் பார்த்தார். காசியம்மா பிள்ளையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள். மனிதர் கண்ணெல்லாம் தண்ணீர். "இதுல மட்டும் ஒரு கொறையும் இல்லடி" என்றார். அன்றைக்கு முழுக்க வீட்டில் வேறு எந்தச் சாமானையும் தொடவில்லை.

பேத்தியின் பெயர் கல்யாணசுந்தரி. ஆளைவிடப் பெயர் நீளம். அவளுடைய அப்பா பஞ்சநாதன், குரும்பகரத்துக்காரர். குவைத்தில் வெல்டர் வேலை. தெட்சிணாமூர்த்தியின் மகள் அல்லிதான் மனைவி. அவள் நாலு மாதம் முழுகாமல் இருந்தபோது விமானம் ஏறியவர், குழந்தையை இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. இப்போது எழுபத்தொன்பதாம் வருஷம் பங்குனி மாதம், பிள்ளைக்கு ஐந்து மாதம். பக்கத்து வீட்டு கபீரும் குவைத்தில்தான் இருக்கிறான். லீவில் வந்தவன் கையில் பஞ்சநாதன் ஒரு ரோஸ் கலர் கவுனும் ஒரு கடுதாசியும் கொடுத்து அனுப்பியிருந்தார்.

"இந்த கவுனப் போட்டு புள்ளய ஒரு போட்டா எடுத்து கபீர் கையில குடுத்துவுடு. அதப் பாத்துக்கிட்டே மிச்சம் ரெண்டு வருசத்த ஓட்டிப்புடுவேன்."

இந்த ரெண்டு வரியைப் படித்துப் படித்தே அல்லி கடுதாசியை மடிப்பில் கிழித்துவிட்டாள். கபீர் ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறான். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குள் வந்தால் ஞாயிறு காலையில் படம் கைக்கு வரும், தாண்டினால் வராது என்று காரைக்கால் ஸ்டூடியோக்காரர் சொல்லிவிட்டார். தபாலில் அனுப்பலாமே என்கிறீர்களா? ஏற்கனவே அல்லி போட்ட கடுதாசியில் ரெண்டு போய்ச் சேரவே இல்லை. தன் புருஷன் பிள்ளையின் முகத்தை இந்த ஞாயிற்றுக்கிழமை விட்டால் எப்போது பார்ப்பாரோ என்பதுதான் அவளுக்குக் கவலை.

வெள்ளிக்கிழமை வந்தது. கபீரின் பயணப் பெட்டிக்கு அடியில் கிடந்து வந்த கவுனில் மடிப்பு மடிப்பாகக் கோடு. கபீரின் அம்மா அஜீசுன்னிசாவிடம் போய் அல்லி இஸ்திரிப் பெட்டி வாங்கி வந்தாள்.

அந்தப் பெட்டியைச் சொல்ல வேண்டும். அஜீசுன்னிசாவின் மாமனார் சைகோனில் கடை வைத்திருந்தபோது வாங்கி வந்தது. முழுப் பித்தளை. மூக்கு கூர்மையாக, சின்னத் தோணி மாதிரி இருக்கும். மூடியைத் தூக்கிக் கொட்டாங்கச்சிக் கரியைப் போட்டு மூட வேண்டும். மூடி திறந்துகொள்ளாமல் முன்பக்கம் ஒரு கொண்டி, அந்தக் கொண்டியின் தலையில் ஒரு பித்தளைச் சேவல். மேலே மரக் கைப்பிடி. கை சுடாமல் இருக்கக் கைப்பிடிக்குக் கீழே ஒரு தகடு. ரெண்டு விலாவிலும் எட்டு எட்டாகப் பதினாறு ஓட்டை. பின்பக்கம் கட்டை விரல் நுழைகிற மாதிரி பெரிய ஓட்டை ஒன்று. ஐம்பது வருஷமாக ஒரு குறையும் சொல்லாமல் தேய்த்துக்கொண்டிருந்த பெட்டி.

ஐம்பது வருஷமாக அது தெட்சிணாமூர்த்தி கைக்கு வந்ததில்லை.

"அப்பா, கரியப் பத்த வச்சு மட்டும் குடுங்க. வேற ஒண்ணும் செய்யாதீங்க."

"நான் என்னம்மா செய்யப் போறேன்?"

"அதத்தான் அவளும் கேக்குறா" என்றாள் காசியம்மா, அடுப்படியிலிருந்து.

கரி பற்றியது. தெட்சிணாமூர்த்தி பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"சேவல் எதுக்கு இதுல? கூவுமா?"

"மூடி தொறந்துக்காம இருக்கப்பா."

"அதுக்கு ஒரு கொக்கி பத்தாதா? சரி, சேவல் கெடக்கு. இந்த ஓட்டையப் பாரு. சூட்ட உள்ள வைக்கத்தானம்மா பெட்டி? அதுல போயி சுத்திவர ஓட்டை போட்டு வச்சிருக்கான். அவ்வளவு சூடும் வெளிய போவுது. ஒலை வைக்கிற பானையில யாராச்சும் ஓட்டை போடுவாங்களா?"

"இட்டிலித் தட்டுல போட்டிருக்கே" என்றாள் காசியம்மா.

"அது வேற."

திருத்தக்காரரிடம் வாதம் செய்து பார்த்திருக்கிறீர்களா? ஜெயிக்கப் போகிற நேரத்தில் இந்த 'அது வேற' வந்து விழும். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

அல்லி பிள்ளையைக் குளிப்பாட்டப் போனாள். அவள் போய்த் திரும்புகிற நேரத்துக்குள் தெட்சிணாமூர்த்தி வாய்க்கால் ஓரத்துக் களிமண்ணைப் பிசைந்து, பதினாறு ஓட்டையையும், பின்னால் இருந்த பெரியதையும் சேர்த்து, அம்மிக்கல் பொளிகிறவர் மாதிரி அவ்வளவு கவனமாக அடைத்து, மேலே தண்ணீர் தொட்டு வழவழவென்று மெழுகியும் விட்டிருந்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

ஒன்பது மணிக்கு அல்லி பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். கோயில் தூண் மாதிரி ஜில்லென்று இருந்தது. மூடியைத் திறந்தால் கரி கரியாகவே இருந்தது.

"காத்து இல்லாம நெருப்பு எப்படிப்பா இருக்கும்?"

இந்த இடத்தில் நீங்களும் நானும் என்ன செய்வோம்? தலையைச் சொறிவோம், களிமண்ணை எடுப்போம், வாயை மூடிக்கொண்டு போவோம். தெட்சிணாமூர்த்தியின் முகம் மலர்ந்தது.

"அதான்! காத்து! ஓட்டைய வச்சானே தவிர, காத்து அடிக்க ஒரு ஏற்பாடு பண்ணுனானா பாரு. தானா வரட்டும்னு வுட்டுட்டான்!"

களிமண்ணைக் குத்தி எடுத்துப் புதுக் கரி போட்டுப் பற்ற வைத்தார். பின்பக்கத்து ஓட்டையில் சைக்கிள் பம்பைச் செருகினார். அடித்தார் பாருங்கள் காற்று! விலாவில் இருந்த பதினாறு ஓட்டை வழியாகவும் பொறி பறந்தது. பெட்டி ரைஸ் மில் மாதிரி உறுமியது. சேவலைத் தொட முடியவில்லை. பத்து அடி தள்ளி நின்ற மாடு கயிற்றை இழுத்துக்கொண்டு எழுந்து நின்றது.

அல்லி ஒரு வாழையிலையைக் கிழித்துப் போட்டுப் பெட்டியை அதன்மேல் ஒரு இழுப்பு இழுத்தாள். வழக்கமாக இலை லேசாகச் சுருளும், பெட்டி வழுக்கிக்கொண்டு போகும். இன்றைக்கு இலை புகைந்து கறுத்துப் போனது.

"இது ஆறணும்ப்பா. கா மணி நேரம் ஆவும்."

"பத்தேகால் பஸ்ஸ வுட்டுட்டா பதினோரு மணிக்கு எப்படிப் போவே? குடு இப்படி. அழுத்தாம, சும்மா மேலாக்க ஒரு ஓட்டு ஓட்டுனா போதும்."

"வேணாம்ப்பா."

"நான் பாத்துக்குறேன்ங்குறேன்ல."

கவுனின் முதுகுப்பக்கம் மேலே இருந்தது. மேலாகத்தான் வைத்தார். சத்தியமாக அழுத்தவில்லை. உஸ்ஸென்று ஒரு சத்தம். எடுத்தபோது பெட்டியோடு கவுனும் வந்தது. பிய்த்து எடுத்ததும், கவுனின் முதுகில் மூக்கு கூர்மையாக ஒரு தோணி அளவுக்கு ஓட்டை.

அல்லி கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குத் தேவலாம் என்றிருக்கும். கவுனைக் கையில் எடுத்து, அந்த ஓட்டை வழியாக அப்பாவைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

தெட்சிணாமூர்த்தி பெட்டியைக் கீழே வைத்தார். செஞ்சவன் யார் என்று இந்தத் தடவை அவருக்கே நன்றாகத் தெரிந்திருந்தது.

அந்த நேரம் பார்த்து அஜீசுன்னிசா வந்தாள், மகன் சட்டைக்குப் பெட்டி வேண்டும் என்று.

"பொகை எங்க வூடு வரைக்கும் வருதேண்ணே, என்னா... யா அல்லா! நைலான்லயா வச்சீங்க?" கவுனை வாங்கித் தடவிப் பார்த்தாள். "அண்ணன் வேட்டிக்குன்னுல்ல நெனச்சேன். இந்தத் துணிக்குப் பெட்டியே கூடாதேம்மா. ராத்திரி நனச்சு ஒதறிக் கொடியில போட்டிருந்தா மடிப்பெல்லாம் தன்னால வுழுந்திருக்கும். வெளிநாட்டுக்காரன் அதுக்குத்தானே கண்டுபுடிச்சான்."

கல்யாணசுந்தரி தாத்தாவைப் பார்த்து 'ஙா' என்றாள்.

"முன்பக்கம் நல்லாத்தானே இருக்கு?" என்று காசியம்மாதான் கடைசியில் கேட்டாள். "போட்டா முன்னாலதானே எடுப்பான்? கெளம்புங்க."

பத்தேகால் பஸ் கிடைத்தது. பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஸ்டூடியோவுக்குள் நுழைந்தார்கள். அடுத்த சங்கடம் அங்கே காத்திருந்தது. நாற்காலியில் வைத்தால் கல்யாணசுந்தரி இடப்பக்கம் சாய்ந்தாள். நிமிர்த்தினால் வலப்பக்கம் சாய்ந்தாள். முன்பக்கமும் ஒரு தடவை கவிழ்ந்து பார்த்தாள்.

"தாயி மடியில வச்சுக்கட்டுமே" என்றார் ஸ்டூடியோக்காரர்.

"இல்லீங்க. அவங்க புள்ளயத் தனியாப் பாக்கணும்" என்றாள் அல்லி. "கவுன் முழுசாத் தெரியணும்."

சுவரில் மணி ஓடிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் கூடவே வந்திருந்த தெட்சிணாமூர்த்தி, நாற்காலியையும் பார்க்கவில்லை, கேமராவையும் பார்க்கவில்லை. விறுவிறுவென்று போய் நாற்காலிக்குப் பின்னால் முழங்காலிட்டார். அங்கே கிடந்த கறுப்புத் துணியைத் தலையோடு போர்த்திக்கொண்டார். வலது கையை மட்டும் வெளியே நீட்டினார். அது கவுனின் முதுகில் இருந்த ஓட்டைக்குள் நேராகப் போய், குழந்தையின் இடுப்பைப் பதமாகப் பிடித்துக்கொண்டது.

கல்யாணசுந்தரி கம்பம் மாதிரி நிமிர்ந்தாள். கை இருக்கிற அடையாளமே முன்னால் தெரியவில்லை. தாத்தாவின் சுண்டு விரல் விலாவில் எங்கேயோ பட்டிருக்க வேண்டும். பொக்கை வாயைத் திறந்து சிரித்தாள். விளக்கு பளிச்சென்று அடித்தது.

ஞாயிற்றுக்கிழமை கபீர் அந்தப் படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினான். ஐந்து வாரம் கழித்துக் கடுதாசி வந்தது. அல்லி சத்தமாகப் படித்தாள்.

"போட்டா கெடச்சுது. எங்க ரூமுல எட்டுப் பேரும் வாங்கி வாங்கிப் பாத்தாங்க. அஞ்சு மாசத்துல ஒரு புடிமானமும் இல்லாம புள்ள இப்படி நிமுந்து ஒக்காந்திருக்கேன்னு எல்லாருக்கும் ஒரே ஆச்சரியம். மாமா நல்லாக் கவனிச்சுக்குறாங்கன்னு தெரியுது."

தெட்சிணாமூர்த்தி கூரையைப் பார்த்தார். காசியம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணு எழுதும்மா" என்று ஆரம்பித்தார் அவர். "அடுத்த தடவ கவுன் வாங்குனா முதுகுல ஒரு ஓட்டை இருக்குதான்னு பாத்து..."

"அப்பா!"

அல்லி பதில் எழுதினாள். கையைப் பற்றி ஒரு எழுத்துக்கூட எழுதவில்லை. எழுதி முடித்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கி அப்பாவின் மடியில் வைத்தாள். அதில் திருத்துவதற்கு ஒன்றுமில்லை என்று அவருக்கும் தெரியும்.

கதை அவ்வளவுதான். தெட்சிணாமூர்த்தியைப் பார்த்து நன்றாகச் சிரித்திருப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். கொதிக்கிற பெட்டியை அவர் கவுனுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாரே, அப்போது உங்கள் மனசு என்ன சொன்னது? 'ஐயோ பாவம்' என்றா சொன்னது? 'அட, ஒரு ஈரத்துணிய மேல போட்டுத் தேச்சிருக்கலாமே' என்று சொல்லவில்லை? சொன்னதல்லவா? அப்படியானால் இன்றைக்கு வீட்டில் எது ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிறதோ, அந்தப் பக்கம் தயவுசெய்து போகாதீர்கள். உங்கள் வீட்டுக்காரர்கள் எதையோ உங்கள் கண்ணில் படாமல் எடுத்து ஒளித்து வைத்திருக்கிறார்கள். அதைத் தேடவும் தேடாதீர்கள்.