இரண்டு மூட்டை உப்பு

"அண்ணே, தாத்தா ஜெயில்ல இருந்தாராமே?"

மெல்போர்னிலிருந்து தம்பி ஆபிரகாம் போனில் இப்படிக் கேட்டதும், நெல்சனின் கையிலிருந்த தேநீர் இடுப்பில் கட்டியிருந்த லொன்ஜியில் கொட்டியது. சூடு உறைக்கவில்லை. மானம்தான் சுட்டது. மிங்கலா தாங்ஞுன்டில் தெருவே அவரை 'உ நெல்சன்' என்று பர்மிய மரியாதையோடு கூப்பிடும்.

ஆபிரகாம் ஊர்ப்பக்கம் வந்து பதினோரு வருஷம். இந்தக் கிறிஸ்துமஸுக்கு வரலாம் என்றிருந்தான். அவன் பெண்டாட்டி ஷெல்லி, வெள்ளைக்காரி, குடும்ப வரலாறு எழுதுகிறாள். சண்டைக்காலத்தில் உங்கள் தாத்தா என்ன செய்தார் என்று போன மாதம் கேட்டு எழுதியிருந்தாள். திருடன் வீடு என்று தெரிந்தால் வருவாளா? நெல்சன் ஒரு வாரம் யோசித்தார். ரயில்வே கூலி சவரிமுத்துத் தாத்தாவைத் தளபதி ஆக்கினார். பதினாறு ஜப்பான்காரரைச் சுட வைத்தார். போகிற போக்கில் ஒரு பாலத்தையும் தகர்த்தார்.

நெல்சனுக்கு ஆங்கிலம் வராது. அவர் சொல்லச் சொல்ல, மனைவி லூர்து மேரிதான் போனில் தட்டினாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. தங்கமான பெண்டாட்டி என்று அன்றைக்கு நினைத்தார். முட்டாள்.

அவள் அனுப்பியது வேறு என்று இப்போதுதான் தெரிந்தது. சண்டை முடிகிற சமயம், ரயில் கிடங்கில் இரண்டு மூட்டை உப்புத் திருடி, தாத்தா மூன்று மாதம் உள்ளே இருந்தார். பைபிளுக்குள் இருந்த விடுதலைச் சீட்டையும் படம் பிடித்து அனுப்பிவிட்டாள்.

நெல்சன் போனைப் பொத்திக்கொண்டு, குடியைக் கெடுத்துவிட்டாயே என்றார். அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.

"ஷெல்லி வீட்டு முதல் ஆளே நாடு கடத்தின கைதியா கப்பல்ல அங்க போய் இறங்கினவருதாங்க. ஆடு திருடினாராம். அங்க அது பெருமை. அவ தாத்தாவும் ஜப்பான்காரன்கிட்ட கைதியா மாட்டி இந்த நாட்டுல ரயில் பாதை போட்டவரு. நம்ம தாத்தா மட்டும் ஏன் வெளிய நிக்கணும்?"

"இதை முன்னாடியே சொன்னா என்ன?"

"நீங்க பதினாறு பேரைச் சுட்டுக்கிட்டிருந்தீங்க. நடுவுல எப்படிப் பேசறது?"

போனில் ஆபிரகாம் இன்னும் காத்திருந்தான். சீட்டைப் பார்த்து ஷெல்லி சந்தோஷத்தில் அழுதுவிட்டாளாம். டிக்கெட் போட்டாயிற்றாம். இப்போது அண்ணன் வாயாலேயே கேட்க வேண்டுமாம். அவங்க ஆள் திருடினது ஒரே ஒரு ஆடுதான் என்று சிரித்தான்.

லூர்து மேரி கத்தியைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு மூட்டைன்னு மட்டும் சொல்லுங்க. சீட்டுலயே இருக்கு. ஒண்ணுகூட ஏத்தாதீங்க."

நெல்சன் தலையாட்டினார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஏழு மூட்டை," என்றார்.