அருவிக்கு எதிராக ஒரு பரவாயில்லை

உங்களை எனக்கு அடையாளம் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்காதீர்கள். நீலச் சட்டை, கழுத்தில் கேமரா, என் படகில் முன்பலகையில் உட்கார்ந்து வந்த ஆசாமி நீங்கள்தான். இறங்கியதும் பார்வையாளர் புத்தகத்தில் ஒரே ஒரு வார்த்தை எழுதி, கோழி கிளறின மாதிரி ஒரு கையெழுத்தும் போட்டுவிட்டுப் போனீர்கள். "பரவாயில்லை."

நூற்றிருபது அடி அருவி. பரவாயில்லையாம்! உங்கள் வீட்டுக் கொல்லையில் இதைவிடப் பெரிதாக ஒன்று வைத்திருக்கிறீர்களா?

அந்தப் புத்தகத்தை யாரும் படிப்பதில்லை. என் கெட்ட நேரம், அது அன்றைக்கு நிரம்பிச் சுற்றுலாத் துறையின் தலைமை அலுவலகத்துக்குப் போனது. கடைசிப் பக்கத்தில் கடைசி வரி உங்களுடையது. அங்கே ஒரு மேலதிகாரிக்கு அன்று வேறு வேலை இல்லை. சுற்றறிக்கை வந்துவிட்டது.

"மேற்படி அருவி, அதிசயங்கள் பட்டியலில் உள்ளது. அதிசயமாயிருப்பது பரவாயில்லையாக இருத்தல் இயலாது. ஆகவே பார்வையாளரின் வியப்பு முப்பது நாள் அளக்கப்படும். நூற்றுக்கு எழுபது பேர் வியக்காவிடில் அருவி பட்டியலிலிருந்து நீக்கப்படும். படகு உரிமங்களும் உடன் ரத்தாகும்."

பதினோரு வயதில் அடுத்தவன் படகில் தண்ணீர் இறைக்க ஆரம்பித்தவன் நான். சொந்தப் படகும் உரிமமும் வாங்க இருபது வருஷம் ஆனது. அது உங்கள் ஒரு வார்த்தையில் ஆடியது.

வியப்பு அளக்கும் அதிகாரி ஒரு நாற்காலி, ஒரு குடை, ஒரு கட்டு படிவத்தோடு வந்து கரையில் உட்கார்ந்தார். படிவத்தில் ஒரே கட்டம். "ஆகா" என்பவருக்கு ஒரு கோடு.

முதல் நாளே தகராறு. ஒரு பெரியவர் அருவியைப் பார்த்து, "அம்மாடியோவ்!" என்று அலறினார். அதிகாரி பேனாவை அசைக்கவில்லை.

"சார், கோடு போடுங்க."

"அவர் ஆகா சொல்லலையே."

"அம்மாடியோவ் அதைவிடப் பெரிசு சார்!"

"பெரிசா இருக்கலாம். கட்டத்துல இல்ல."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனாலும் பேரம் பேசாமல் ஒரு காரியத்தை விட்டு எனக்குப் பழக்கமில்லை. "சரி, ரெண்டு அம்மாடியோவுக்கு ஒரு ஆகா வெச்சுக்குங்க."

"மாற்று விகிதத்தை நான் முடிவு பண்ண முடியாதுப்பா."

"மூணுக்கு ஒண்ணு! எனக்கு நஷ்டம்தான், பரவால்ல."

"எழுதிக் குடு. மேல அனுப்பறேன்."

அப்புறம் ஒரு புதுமணத் தம்பதி. வாயைப் பிளந்தபடி கால்மணி நேரம் நின்றார்கள். "வாய் திறந்தது, ஒலி வரவில்லை" என்று குறிப்பு எழுதினார். வார முடிவில் நூற்றுக்கு நாற்பத்தொன்று.

கரையில் துண்டு விற்கும் என் மனைவிதான் வழி சொன்னாள். "ஊர்ல உள்ளவன்கிட்டெல்லாம் கத்துறியே, படகுல ஏறுறவங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிக்குடுக்க மாட்டியா?"

அன்றிலிருந்து மிதவைச் சட்டையை மாட்டியதும் பயிற்சி. "எல்லாரும் சேர்ந்து சொல்லுங்க, ஆகா! அண்ணே, இன்னும் கொஞ்சம் வயித்துலேருந்து!" மாதக் கடைசியில் நூற்றுக்கு நூற்று நாலு. எப்படி என்று அதிகாரியும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

தலைமை அலுவலகம் குளிர்ந்துபோனது. அருவிக்கு முதல் தரம். முதல் தர அதிசயத்துக்கு நிரந்தர வியப்புக்கூடம் வேண்டுமாம். சாலையோரமாகக் கட்டினார்கள், அருவியை முழுசாக மறைத்து. உள்ளே ஒரு மைக். அதில் ஆகா சொன்னால் அட்டையில் ஒரு முத்திரை. பட்டியலில் உள்ள பத்து இடத்து முத்திரையையும் சேர்ப்பதுதான் இப்போது நாட்டிலேயே பெரிய நாகரிகம். பேருந்து பேருந்தாக வருகிறார்கள், சொல்கிறார்கள், முத்திரையோடு படம் எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள்.

"ஏம்மா, அருவி பாக்கலையா?" என்று ஒரு பெண்ணைக் கேட்டேன்.

"அதான் ஆகா சொல்லியாச்சே அண்ணே! இன்னும் குகை, கோட்டை, ஏரி பாக்கி. இருட்டறதுக்குள்ள சொல்லி முடிக்கணும்."

என் படகில் இப்போது கொக்குதான் உட்கார்ந்திருக்கிறது. அதிகாரியிடம் போய்க் கத்தினேன்.

"உன் உரிமம் பத்திரமாத்தானே இருக்கு?"

"ஏற ஆள் இல்லையே சார்!"

"இந்தப் புகாரெல்லாம் எதுக்குய்யா? நீ ஒரு தடவையாவது அருவியைப் பாத்து ஆகா சொல்லியிருக்கியா?"

என் மனைவி சிரித்துவிட்டாள். "அவரு எங்க சார் பாத்தாரு? போறப்ப முதுகைக் காட்டித்தான் துடுப்புப் போடணும். வர்றப்ப முகத்துக்கு நேரா அருவி இருக்கும், ஆனா கூலித் தகராறு நடந்துக்கிட்டு இருக்கும்."

அதிகாரிக்கே பாவமாகிவிட்டது. கோப்பைப் புரட்டினார். எல்லாம் உங்கள் குறிப்பின் மேல் எழுந்த விசாரணை. எழுதியவர் நேரில் வந்து அதைத் திரும்பப் பெற்றால் விசாரணை முடியும், கூடத்தை இடிக்கலாம். வேறு விதி இல்லை.

ஆகவே ஐயா, வந்து சேருங்கள். படகுக் கூலி வேண்டாம். என் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு வந்ததே இல்லை, அதையாவது மதியுங்கள். பேனாவும் நானே தருகிறேன். அருவியை நன்றாகப் பார்த்து, மனதில் தோன்றுவதை எழுதுங்கள். மறுபடியும் பரவாயில்லை என்றுதான் தோன்றினால், தயவுசெய்து கூசாமல் ஒரு பொய்யை எழுதிவிட்டுப் போங்கள். இங்கே நாங்கள் எல்லோரும் அதைத்தான் செய்தோம்.