முடிக்கக் கூடாத வரிக் கணக்கு

இந்த வருஷம் வருமான வரிக் கணக்கை லேசில் முடித்துவிடக் கூடாது என்று லிப்ட்காரர் முடிவெடுத்தார். அரசாங்கத்தை ஏமாற்றும் எண்ணமெல்லாம் இல்லை. அவ்வளவு தைரியம் இருந்தால் அவர் ஏன் லிப்ட் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்? ஏமாற்ற நினைத்தது மனைவியை. அதற்கு இன்னும் அதிக தைரியம் வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது.

விஷயம் இதுதான். மகள் படிப்புக்காக விடுதிக்குப் போன பிறகு வீட்டில் இரண்டே பேர். மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பகலெல்லாம் ஊரார் ரத்தத்தை உறிஞ்சிவிட்டு சாயங்காலம் வருவாள். அவர் முன்னறையில், அவள் உள்ளறையில். நடுவில் ஒரே ஒரு சுவர். இருபது மாடி ஏறி இறங்குகிறவருக்கு அந்தப் பத்தடியைத் தாண்ட ஒரு காரணம் கிடைக்கவில்லை. “வாயேன், கொஞ்சம் பேசிட்டிருக்கலாம்” என்று கூப்பிடக் கூச்சம். இத்தனை வருஷத்துக்குப் பிறகு அதைச் சொன்னால், உடம்புக்கு என்னவோ என்று ஊசியோடு வந்து நிற்பாள்.

அப்போதுதான் அவளே வழி திறந்தாள்.

“என்னங்க, ஆடிட்டர் பீஸை ஏத்திட்டாராம். இந்த வருஷம் நாமளே பண்ணிக்கலாம். விலை குறைச்சலா ஒரு சாப்ட்வேர் பாருங்க.”

“பாக்கலாம். ஆனா நீ பக்கத்துல இருக்கணும். உன் சம்பளம், வீட்டுக்கடன் வட்டி, இதெல்லாம் எனக்கென்ன தெரியும்?”

“சரி, இருக்கேன்.”

நாற்காலியோடு ஒட்டி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். அவள் வந்து உட்கார்ந்தாள். தோளில் தோள் பட்டது. அவள் கையில் ஸ்பிரிட் வாசனை. உலகத்தில் அதைவிட உசத்தியான செண்ட் கிடையாது என்று அவருக்குத் தோன்றியது.

முதல் சாப்ட்வேர் இலவசம் என்றது. எல்லாவற்றையும் நிரப்பிக் கடைசிப் பக்கத்துக்குப் போனதும் பணம் கேட்டது.

“உள்ள வர இலவசம், வெளிய போகத்தான் காசு!” என்று அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே கேட்டதைக் கொடுத்துவிடலாமா என்றிருந்தது அவருக்கு.

மறுநாள் இரண்டாவது. விலை மலிவு. வட்டிக்கு இடம் இருந்தது, இரண்டு பேர் கணக்கையும் போட முடிந்தது, கேள்விகள் பளிச்சென்று புரிந்தன. இப்படியே போனால் இன்றைக்கே முடிந்துவிடும் என்று லிப்ட்காரர் பதறினார்.

“இது சரிப்படாது.”

“ஏங்க, நல்லாத்தானே இருக்கு?”

“பச்சைக் கலர் கண்ணை உறுத்துது.”

“வரி கட்டறதுக்குக் கலர் எதுக்கு?”

“உனக்குத் தெரியாது. நாளைக்கு வேற பாக்கலாம்.”

அவள் ஒரு பார்வை பார்த்தாள். ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று கண்ணாலேயே அளக்கிற பார்வை. “சரி. கை சும்மாதானே இருக்கு, இந்தத் துணியை மடிச்சுக்கிட்டே பாருங்க.”

மடித்தார். அடுத்த சாப்ட்வேரில் எழுத்து பொடி என்றார், பட்டாணி உரித்தார். அதற்கடுத்தது ரொம்ப வேகம் என்றார். சட்டைகளுக்குப் பட்டன் தைத்தார். வேலை வாங்குகிறாள் என்பதுகூட அவருக்கு உறைக்கவில்லை. ஊசியைப் பார்த்து மயங்கி விழுந்த குஸ்திக்காரர் கதையை அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசித் தேதி நெருங்கியது. அபராதம் விழுமே என்று ஒரு பயம். முடித்துவிட்டால் எழுந்து போய்விடுவாளே என்று அதைவிடப் பெரிய பயம். இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிப்ட் மாதிரி மனுஷர் தொங்கினார்.

ஒரு மதியம் லிப்ட் கம்பிக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தபோது போனில் செய்தி வந்தது: ‘தங்கள் வருமான வரிக் கணக்கு ஏற்றுக்கொள்ளப்பட்டது. நன்றி.’

சாயங்காலம் கையைக்கூடக் கழுவாமல் வீட்டுக்கு ஓடினார்.

“கணக்கை யாரு அனுப்பினது?”

“நான்தான். அந்தப் பச்சைக் கலர்லயே. நீங்க வேண்டாம்னு சொன்ன மறுநாளே முடிச்சுட்டேன்.”

“என் போனுக்கு ரகசிய எண் வந்திருக்குமே!”

“குளிக்கும்போது பாட்டு பாடுவீங்கல்ல? அது முடியறதுக்குள்ள ரெண்டு கணக்கு அனுப்பலாம்.”

லிப்ட்காரர் நாற்காலியில் சரிந்தார். பிறகு மெல்ல ஒரு சந்தேகம், சந்தேகத்துக்குள் ஒரு ஆசை. “எல்லாம் முடிஞ்சப்புறமும் ஏன் தினம் வந்து பக்கத்துல உக்காந்தே?”

அவள் மடித்த துணியையே மறுபடி மடித்தாள்.

“நேரா கூப்பிடுவீங்களான்னு பாத்தேன்.”

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். “இப்பக் கூப்பிடறேன். வா. கணக்கும் வேண்டாம், வழக்கும் வேண்டாம். சும்மா உக்காரு.”

வந்தாள். உட்கார்ந்தாள். இருவரும் அணைந்து கிடந்த திரையைப் பார்த்தார்கள். அவர் செருமினார். மறுபடி செருமினார். வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்த பேச்சில் ஒரு சொல்கூட வாய்க்கு வரவில்லை.

“இப்படித்தான் ஆகும்னு தெரியும்” என்றாள் அவள். “கம்ப்யூட்டரைப் போடுங்க. ‘உங்கண்ணன் வரியில புலி’ன்னு உங்க தங்கச்சிகிட்ட சொல்லி, அவங்க ஆபீஸ் முழுக்க எல்லாரோட கணக்கையும் வாங்கி வெச்சிருக்கேன்.”