சண்டையில்லாத ஊர்

மூன்றாம் நாளாக ஞானதாஸ் அதே கேள்வியைக் கேட்டார். மூன்றாம் நாளாக அதே பதில்தான் வந்தது.

"சண்டையா? எங்க ஊர்லயா? அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க."

ஞானதாஸ் சேலத்தில் கல்லூரி ஆசிரியர். அரசியல் வன்முறை, மாநில சுயாட்சி, சுற்றுச்சூழல் மூன்றையும் ஒரே ஆராய்ச்சியில் கட்டி மேய்க்கிறேன் என்று 1976இல் கிளம்பியவர். இப்போது 1983. மாதக் கடைசிக்குள் கடைசி அத்தியாயம் மெட்ராஸ் போய்ச் சேராவிட்டால் டாக்டர் பட்டப் பதிவு ரத்து. பட்டம் இல்லையென்றால் வேலையும் இல்லை. பாவம், மனுஷனுக்கு நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை.

புதுச்சத்திரத்துக்கு மேற்கே இருந்த அந்தக் கிராமத்தை அவர் சும்மா பிடிக்கவில்லை. ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீர் கிணற்றில் கலந்ததில், ஆலைக்கு நிலம் கொடுத்த சென்னியப்பன் ஆட்களும் கிணறு கெட்ட அர்த்தநாரி ஆட்களும் மண்டையை உடைத்துக்கொண்டது பேப்பரிலேயே வந்திருந்தது.

நேரே அர்த்தநாரியிடம் போனார். கேள்வித்தாளில் உள்ளபடி, சென்னியப்பனுக்கு எத்தனை ஏக்கர், எத்தனை கிணறு, பிள்ளைகள் என்ன படிப்பு, போலீஸ் கேஸ் ஏதும் உண்டா என்று வரிசையாகக் கேட்டார்.

"தங்கமான குடும்பமுங்க. ஒரே பொம்பளப் புள்ள, பத்தாவது பாஸு."

அர்த்தநாரியின் நெற்றியில் ஏழு தையல் இருந்தது. கேட்டால், தென்னை மட்டை விழுந்ததாம்.

பயப்படுகிறார்கள் போல என்று நினைத்து, நான் போலீஸ் இல்லை, காலேஜ் வாத்தியார் என்று அடையாள அட்டையை நீட்டினார் ஞானதாஸ். அவ்வளவுதான், மரியாதை இரண்டு மடங்கானது. இலை போட்டுச் சாப்பாடு வந்தது. தெருவுக்குத் தெரு சென்னியப்பனைப் புகழ ஆரம்பித்தார்கள். சென்னியப்பன் வீட்டுக்கே போனார். அவரோ ஆள் விட்டு அர்த்தநாரியை வரவழைத்து, தோளில் கைபோட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

கழிவுநீர்ப் பிரச்சினையைத் தீர்க்கும் அதிகாரம் டெல்லிக்கா மெட்ராஸுக்கா என்று கடைசி அம்பையும் விட்டுப் பார்த்தார் ஞானதாஸ்.

"அதுக்கெதுக்குங்க அவ்வளவு தூரம்? நாங்களே பேசி முடிச்சுக்குவோம்" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

ஞானதாஸுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. வன்முறை போனால் போகட்டும், இதுவல்லவா நிஜமான சுயாட்சி. எழுதி வைத்திருந்த அத்தியாயத்தைச் சுக்கு நூறாகக் கிழித்தார். மாரக்காள் டீக்கடை பெஞ்சிலேயே உட்கார்ந்து, தானாகவே சமாதானமான ஊரைப் பற்றி நாற்பது பக்கம் எழுதித் தள்ளினார். உறையை ஒட்டித் தபால்காரர் கையிலேயே கொடுத்தார். சைக்கிள் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் அவருக்கு மூச்சே வந்தது.

கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த மாரக்காள் மெதுவாக அருகில் வந்தாள்.

"ஏனுங்க சாமி, மாப்பிள்ளை ஊட்டுல சீக்கிரம் ஒரு முடிவு சொல்லச் சொல்லுங்க. பொண்ணு விசாரிக்க வந்த ஆளு முன்னால அடிச்சுக்கிட்டு சென்னியப்பன் புள்ள கல்யாணத்தைக் கெடுத்துறக் கூடாதுன்னு, ரெண்டு பக்கமும் அருவாளைப் பரண் மேல வெச்சுட்டு, நீங்க எப்ப பஸ் ஏறுவீங்கன்னு பாத்துட்டு இருக்காங்க."