முறுக்குச் சட்டியும் சிவப்பு சிலிண்டரும்

இசக்கித்துரை ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். தீபாவளிக்கு முன்னால் வீட்டில் முறுக்குச் சட்டி அடுப்பை விட்டு இறங்கியாக வேண்டும்.

கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மனுஷனுக்கு மதியத் தூக்கம் ஒன்றுதான் சொத்து. மனைவி மாரித்தாய் சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் விற்பனைக்கு முறுக்கு சுடுவாள். எண்ணெய்ப் புகை அவர் தலைமாட்டில் வந்து உட்காரும். புகை என்றால் ஜன்னலைத் திறப்பாள். சத்தம் என்றால் காதுக்குப் பஞ்சு தருவாள். இனித் தீயைச் சொல்லித்தான் பயமுறுத்த வேண்டும் என்று சிவப்பாக ஒரு தீயணைப்பு சிலிண்டரே வாங்கி வந்துவிட்டார்.

“ஏட்டி, எண்ணெய்ச் சட்டி தீப்பிடிச்சா என்ன செய்வே?”

“அடுப்ப அணைச்சிட்டு மூடியப் போட்டு மூடுவேன்.”

“தண்ணி ஊத்த மாட்டியா?” ஏமாற்றத்தோடு கேட்டார்.

“ஊத்துனா தீ கூரைக்குல்லா ஏறும். இது தெரியாமலா இத்தன நாளு அடுப்புல நிக்கேன்?”

விடை சரியாக இருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தீயை அணைத்துக் காட்டத் தெரு சனத்தையே கூட்டிவிட்டார். பழைய இரும்புச் சட்டியில் கந்தல் துணி, மேலே கொஞ்சம் டீசல். பக்கத்து வீட்டு நஸ்ரின் பானு குடும்பத்தோடு வந்து நின்றாள். தீ ஆளுயரம் எழும்பியது.

“எல்லாரும் கேட்டுக்கிடுங்க. காத்து நம்ம முதுகுப் பக்கம் இருக்கணும். மொதல்ல கைப்பிடியில சொருகியிருக்க பின்ன உருவணும். கொழுந்துல அடிக்கப்படாது, தீயோட அடியில அடிக்கணும்.”

பின்னை இழுத்தார். வரவில்லை. பல்லைக் கடித்து இழுத்தார். பல்தான் வரும்போலிருந்தது. போன வாரம் ஆயுதபூசைக்கு சிலிண்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பின்னையும் கைப்பிடியையும் சேர்த்து மஞ்சள் கயிறு கட்டி முடிச்சுப் போட்டிருந்தார். தாலி கட்டிய கை அல்லவா, முடிச்சு அசையவில்லை.

“அண்ணாச்சி, தீ அதுவரைக்கும் காத்துக் கெடக்குமா?” என்றாள் நஸ்ரின் பானு.

மாரித்தாய் கத்தியோடு வந்து கயிற்றை அறுத்துவிட்டுப் போய் நின்றாள்.

அப்புறம் பார்க்க வேண்டுமே. பிடியை அழுத்தி, குழாயை இடமும் வலமும் வீசினார் இசக்கித்துரை. வெள்ளைப் பொடி சீறிப் பாய்ந்தது. தீ போன இடம் தெரியவில்லை. மீசை மட்டும் வெளுத்திருந்தது. காலமெல்லாம் விசில் ஊதிய மனுஷனுக்கு முதன்முதலாகத் தெரு விசில் அடித்தது.

இதுதான் சமயம் என்று தொண்டையைச் செருமினார்.

“பாத்தியளா? வெவரம் தெரிஞ்ச ஆளு பக்கத்துல இல்லன்னா என்ன கதி ஆயிருக்கும்? ஆளில்லாத அடுப்புல எண்ணெய்ச் சட்டி ஆகுமா? நீங்களே சொல்லுங்க.”

“ஆகாது,” என்றது தெரு.

“ஆகவே ஆகாது,” என்றாள் மாரித்தாய்.

இசக்கித்துரைக்கு உச்சி குளிர்ந்தது. ஜெயித்தாயிற்று.

மாரித்தாய் நஸ்ரின் பானு பக்கம் திரும்பினாள். “நாத்தனார் கல்யாணத்துக்கு முறுக்கு கேட்டியே, ஒத்தையில எப்படி பெரிய சட்டி வைக்கன்னு யோசிச்சேன். இப்பத்தான் அணைக்கதுக்கு ஆளு வந்தாச்சே. நாளையிலேருந்து இவுக அடுப்புப் பக்கத்துலயே நிப்பாக.”

தெரு மறுபடியும் விசில் அடித்தது.

“ஏட்டி, அது வந்து... சிலிண்டர் காலியாயிட்டே.”

“காலையில கொண்டு போயி நெறச்சிட்டு வந்திருங்க,” என்றாள் மாரித்தாய். “உக்கார முக்காலி போட்டிருக்கேன். சாய்மானம் கெடையாது, சாஞ்சா ஒங்களுக்குத் தூக்கம் வந்துரும்லா.”