நரகாசுரன் குளித்த தீபாவளி

எனக்கு வலது புருவம் பாதிதான் இருக்கிறது. மூக்குப் பக்கத்துப் பாதி நானே வளர்த்தது. காதுப் பக்கத்துப் பாதி தினமும் காலையில் கறுப்புப் பென்சிலால் வரைவது. வியர்த்தால் அழிந்துவிடும். ஈப்போ வெயிலில் பஸ் பிடித்து வேலைக்குப் போன காலத்தில், எதையோ சந்தேகப்படுகிற முகத்தோடுதான் ஆபீசுக்குள் நுழைந்திருக்கிறேன். (மேலதிகாரிகள் இதனாலேயே என்னிடம் கொஞ்சம் பயந்து நடந்தார்கள். அந்த லாபத்தை மறைக்க விரும்பவில்லை.)

புருவத்தைத் தின்றது ஒரு கேள்வி: “இப்படிச் செய்தால் என்ன ஆகும்?” எனக்கு இது பிறவி வியாதி. ரப்பரை எங்கள் பக்கத்தில் கித்தா என்போம். கரி போடும் இஸ்திரிப் பெட்டிக்குள் கித்தாக் கொட்டையைப் போட்டால் என்ன ஆகும் என்று ஒருநாள் நான் பார்த்தேன். அப்பாவின் வெள்ளைச் சட்டைக்கு என்ன ஆனது என்பதை வீட்டில் மற்றவர்கள் பார்த்தார்கள்.

எழுபதுகளின் கடைசி அது. அப்பா ஈப்போவுக்கு வெளியே ஒரு கித்தாத் தோட்டத்தில் கிராணி, அதாவது ஆபீஸ் எழுத்துக்காரர். நான் ஐந்தாம் பாரம் முடித்துவிட்டு டவுனில் தட்டச்சு பழகிக்கொண்டிருந்தேன். அக்கா கமலா தைப்பிங் பக்கம் ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை பார்த்தபோது அத்தானைச் சந்தித்து, விரும்பி, கல்யாணமும் செய்துகொண்டாள். அத்தான் யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவருடைய அம்மாவை நாங்கள் மாமி என்போம். பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர்.

மாமிக்கு எங்கள் மேல் மூன்று வருத்தங்கள். தன்னைக் கேட்காமல் மகன் முடிவு செய்தது ஒன்று. பெண் தோட்டத்துக் கிராணியின் மகள் என்பது இன்னொன்று. பெண்ணோடு சீதனம் என்று ஒரு துரும்பும் வரவில்லை என்பது மூன்றாவது, அதுதான் பெரியது. கல்யாணத்துக்கு வந்தார், அட்சதை போட்டார், சாப்பிடாமல் போனார். அதன் பிறகும் அக்காவை எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. அக்கா எதிரிலேயே நின்றாலும், “உன்ர மனுசிக்குத் தேத்தண்ணி வேணுமோ எண்டு கேள்” என்று மகனிடம்தான் சொல்வாராம். அக்கா இதைச் சிரித்துக்கொண்டே எங்களிடம் சொல்லுவாள். சொல்லி முடித்ததும் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவாள்.

அப்படிப்பட்ட மாமி, தலைத்தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வரச் சம்மதித்தார். அத்தான் எப்படிக் கெஞ்சினாரோ தெரியாது. அம்மாவுக்குக் கை கால் ஓடவில்லை. மாமி சைவம் என்பதால் பாத்திரங்களை எல்லாம் புளி போட்டுத் தேய்த்தாள். மாமி எங்கள் வீட்டில் உட்கார்ந்து, இலையில் கை நனைத்து, பாயசம் வரை சாப்பிட்டு எழுந்தால் அக்காவின் வாழ்க்கை நேராகிவிடும் என்று அம்மா முடிவு செய்திருந்தாள். அதற்கு ஒரே தடை பிள்ளைகள்.

அத்தானின் தங்கை தன் பிள்ளைகளோடு வந்திருந்தாள். எங்கள் சித்தப்பாமார் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். மூன்று வயதிலிருந்து பதினான்கு வயது வரை எல்லா அளவிலும் இருந்தார்கள். எல்லாரும் விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புதுத்துணி போட்டு, மினுமினுவென்று நின்றார்கள்.

“செல்வி, மாமி சாப்பிட்டு எழுந்திரிக்கிற வரைக்கும் ஒரு சத்தம் கேக்கக் கூடாது. உன் பொறுப்பு லா” என்றாள் அம்மா.

“எல்லாம் வேற வேற வயசும்மா. ரொம்பக் கஷ்டம், சுசா லா.”

“அவ்வளவு படிச்சிருக்கே, இது முடியாதா?”

(தட்டச்சில் முதல் மூன்று பாடம் படித்திருந்தேன்.)

பின்பக்கக் கொட்டகைக்குப் பிள்ளைகளை ஓட்டிக்கொண்டு போனேன். உண்மையைச் சொன்னால் எனக்குப் பயத்தைவிட ஆவல்தான் அதிகம். இத்தனை வயதுக்காரர்களை ஒன்றாகப் போட்டால் என்ன ஆகும்? முதலில் கண்ணாமூச்சி. அத்தான் தங்கையின் கடைக்குட்டி ராஜிக்கு மூன்று வயது. அவள் கொட்டகை நடுவில் நின்று தன் கண்களை மூடிக்கொண்டாள். தனக்கு யாரும் தெரியவில்லை, ஆகவே தான் யாருக்கும் தெரியவில்லை என்பது அவள் கணக்கு. அதில் என்ன தப்பு என்று அவளுக்கு விளக்க முயன்று நானே குழம்பினேன். அடுத்து நாற்காலி விளையாட்டு. தோற்றவர்கள் அழுதார்கள், ஜெயித்தவனும் கூட விளையாட ஆளில்லை என்று அழுதான். ராஜியின் அண்ணன் சுரேனுக்குப் பதினான்கு வயது. அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து, “சோ போரிங் லா” என்றான். என்னைப் பார்க்கவே இல்லை, கொட்டகையின் கூரையைப் பார்த்துத்தான் சொன்னான்.

அப்போதுதான் என் சித்தப்பா மகன் கண்ணன் கேட்டான். ஆறு வயது. என் வியாதி அவனுக்கும் உண்டு.

“செல்வி அக்கா, நரகாசுரன் செத்ததுக்கு நாம ஏன் எண்ணெ தேச்சுக் குளிக்கணும்?”

“அவன் அப்பிடித்தான் வரம் கேட்டவன்” என்றாள் ராஜியின் அக்கா பவானி. அவளுக்கு எட்டு வயது, எல்லாம் தெரியும்.

“அப்ப அவன் குளிச்சானா?”

எனக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. நாடகம்! பெரியவனுக்குப் பெரிய வேஷம், சின்னவனுக்குச் சின்ன வேஷம், எல்லா வயதுக்கும் இடம் உண்டு. “நரகாசுரன் நாடகம் போடலாமா? பெரிய மீசை, தாடி எல்லாம் வச்சு?” என்றேன்.

‘மீசை’ என்று சொன்னதுதான் தாமதம், எல்லாரும் நரகாசுரனாகிவிட்டார்கள். கிருஷ்ணனாக ஒருவரும் சம்மதிக்கவில்லை, கிருஷ்ணனுக்கு மீசை கிடையாது. சத்தியபாமாவாக வந்த பவானியும் மீசை இருந்தால்தான் நடிப்பேன் என்றாள். கடைசியில் எதற்கும் மறுப்புச் சொல்லத் தெரியாத ராஜியைக் கிருஷ்ணனாக்கினோம்.

சமையலுக்கு உரித்த தேங்காய் மட்டைகள் கொட்டகையில் குவிந்து கிடந்தன. நாரைப் பிரித்தால் அருமையான தாடி. ஒட்டுவதற்குத்தான் வழியில்லை. அப்போது அலமாரி மேல் பழைய பால்மாவு டின் ஒன்று கண்ணில் பட்டது. செருப்பு, குடை, சைக்கிள் டியூப் எது பிய்ந்தாலும் ஒட்டுவதற்காக, உறையாமலிருக்க அமோனியா கலந்த கித்தாப் பாலை அப்பா அதில் வைத்திருந்தார். திறந்ததும் கொட்டகை முழுவதும் மூத்திர வாடை. பிள்ளைகளுக்கு அதுவும் பிடித்திருந்தது.

பால் எடுக்கக் கித்தா மரம் வெட்டப் போகும் பெண்கள் ஒரு முடிகூட வெளியே தெரியாமல் தலையில் துணி கட்டிக்கொண்டு போவதை நான் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறேன். கண்டதற்கெல்லாம் ஏன் ஏன் என்று கேட்ட நான், அதை மட்டும் ஏன் என்று கேட்கவில்லை. கிராணி வீட்டுப் பெண்ணுக்குக் கித்தாப் பால் என்பது தூரத்தில் லாரியில் போகிற சமாச்சாரம்.

இருந்தாலும் நான் பொறுப்பில்லாதவள் அல்ல. முதலில் எனக்கே ஒட்டிப் பரிசோதித்தேன். அரக்கனுக்கு அடர்ந்த புருவம் வேண்டுமே என்று, வலது புருவத்தின் ஓரத்தில் பாலைத் தடவி ஒரு கற்றை நாரை வைத்து அழுத்தினேன். சுரேன் அட்டையால் விசிறினான். கொஞ்ச நேரத்தில் காய்ந்தது. இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. வரவில்லை என்பதற்காகச் சந்தோஷப்பட்டேன்.

சுரேன் மூட்டையை விட்டு இறங்கி வந்து, “நான் ஒட்டுறன்” என்றான். அவன் கை நேர்த்தியான கை. கொடுவாள் மீசை, முறுக்கு மீசை, நெஞ்சு வரை தாடி, கிருதா என்று வகை வகையாக ஒட்டினான். ஒவ்வொரு அரக்கனும் தன் முறை வரும்வரை மூச்சு விடாமல் காத்திருந்தான். அம்மா சமையலறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, அந்த அமைதியைக் கேட்டு, கண்ணில் நீர் மல்க என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். அம்மா என்னை அப்படிப் பார்த்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

நாடகம் தொடங்கியது. கிருஷ்ணனுக்குச் சக்கரம் வேண்டுமென்று டின் மூடியை எடுத்து ராஜி கையில் கொடுத்தேன். மூடியின் உள்பக்கம் எல்லாம் பால். அதை நான் பார்க்கவில்லை. ராஜி மூடியை இரண்டு கையாலும் பிடித்து ஒவ்வொருவர் வயிற்றிலும் ஒரு தட்டுத் தட்டினாள். நரகாசுரர்கள் வரிசையாக விழுந்து செத்தார்கள். செத்தவர்கள் பேசக் கூடாது என்பது சட்டம். இதைவிட அமைதியான பிள்ளைக் கூட்டம் பேராக் மாநிலம் முழுவதிலும் இருந்திருக்காது.

ராஜிக்குத்தான் பெருமை தாங்கவில்லை. “அம்மம்மா! நான் எல்லாரையும் கொண்டுட்டன்!” என்று கத்திக்கொண்டு, மூடியைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடினாள்.

உள்ளே மாமி இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். சாம்பார் ஆகி, ரசம் ஆகி, பாயசம் வந்துவிட்டது. அம்மா கரண்டியோடு அருகில் நின்றாள். ராஜி பின்னாலிருந்து பாய்ந்து அம்மம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஒரு கை கொண்டையில் பதிந்தது. மறு கை காதோரத்து முடியில் பதிந்தது. “சரி சரி, விடு ராசாத்தி” என்றார் மாமி. ராஜி விட்டாள். கைகள் விடவில்லை.

“ஐயோ!” என்ற மாமியின் அலறல் கேட்டுச் செத்த நரகாசுரர்கள் எல்லாரும் எழுந்து கூடத்துக்கு ஓடினார்கள். மாமி நிமிர்ந்து பார்த்தபோது அவரைச் சுற்றி முழங்கால் உயரத்திலிருந்து தோள் உயரம் வரை தாடி வைத்த அரக்கர்கள். சத்தியபாமாவும் மீசையோடு நின்றாள். நடுவில் ஒற்றைப் புருவம் புதராக நான்.

“உதென்ன கோலம்?” என்றார் மாமி. எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. (அதற்குப் பால் தேவைப்படவில்லை.)

“அலாமாக்! கித்தாப் பாலா?” என்று அப்பா தலையில் கை வைத்தார். கண்ணன் தன் மீசையை இழுத்துப் பார்த்து ஓவென்று அழ, மற்றவர்களும் இழுத்துப் பார்த்து அழுதார்கள். சித்தப்பா மண்ணெண்ணெய் என்றார். அத்தான் கத்தரிக்கோல் என்றார்.

“என்ர தலையில கத்தரிக்கோல் எண்டு ஒருத்தரும் வாய் திறக்கப்படாது” என்றார் மாமி. கழுத்தில் தொங்கிய ராஜி பயந்து கையை இழுக்க இழுக்க, மாமிக்குக் கண்ணில் நீர் வந்தது. அம்மா பாயசக் கரண்டியோடு சிலையாக நின்றாள். வேகமாக இழுத்தால் வலிக்காமல் வந்துவிடுமோ என்று எனக்குத் தோன்றியது. அந்த நேரத்திலும் தோன்றியது. திரும்பி நின்று என் புருவத்தைப் பிடித்துச் சடக்கென்று இழுத்தேன். வந்துவிட்டது, நாரோடு பாதிப் புருவமும், வேரோடு. நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அப்போது அக்கா சமையலறையிலிருந்து வந்தாள். காலையில் குளியலுக்குக் காய்ச்சியதில் மீந்த நல்லெண்ணெய்ச் சட்டி அவள் கையில் இருந்தது. யாரையும் கேட்கவில்லை. மாமியின் பின்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, எண்ணெயை ராஜியின் விரல் இடுக்குகளில் ஊற்றி, மாமியின் முடியை இழை இழையாகப் பிரிக்கத் தொடங்கினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் மாமியைத் தொட்டது அப்போதுதான்.

மாமி கண்களை இறுக மூடியிருந்தார். மெதுவாகச் சொன்னார்: “மெல்ல, பிள்ளை. நோகுது.”

மகனிடம் சொல்லவில்லை. அக்காவிடமே சொன்னார். பிள்ளை என்று சொன்னார். அக்காவின் கை நின்றது. பிறகு, “சரி மாமி” என்றாள். அம்மாவின் கையிலிருந்து கரண்டி நழுவிப் பாயசத்துக்குள் விழுந்தது.

கண்ணன் தன் மீசையைத் தடவிக்கொண்டு கேட்டான்: “அப்ப நரகாசுரனும் எண்ணெ தேச்சுக் குளிக்கப் போறானா?”

மாமி கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தார். உதட்டைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை. தோள் குலுங்கச் சிரித்துவிட்டார். கழுத்தில் இருந்த ராஜியும் சேர்ந்து குலுங்கினாள். “சிரிக்காதேங்கோ மாமி, முடி இழுபடும்” என்றாள் அக்கா, அவர்கள் பேச்சிலேயே. அதில் சிரிப்பு இன்னும் மோசமாகிவிட்டது.

அன்று பிற்பகல் எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியடியில் இரண்டாம் எண்ணெய்க் குளியல் நடந்தது. மாமி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அம்மாவோடு சேர்ந்து அரக்கர்களுக்கு எண்ணெய் தேய்த்தார். தன் சேலை எண்ணெயில் ஊறிவிட்டதால் அம்மாவின் சேலையைக் கட்டிக்கொண்டுதான் தைப்பிங் திரும்பினார். போகும் முன் அந்தப் பாயசத்தையும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

எல்லார் முடியும் தப்பியது. என் புருவம் மட்டும் திரும்பவே இல்லை, ஏன் என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியவில்லை. என் கல்யாணப் படத்தில் நான் மாப்பிள்ளையைச் சந்தேகமாகப் பார்ப்பது இதனால்தான். இன்றும் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் யாராவது போன் செய்தால் முதல் கேள்வி, “இரண்டாங் குளியல் ஆச்சா?” என்பதுதான்.

பல வருடம் கழித்து ஒரு தீபாவளியன்று, மாமிக்கு அக்கா எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் குளித்துவிட்டுப் பென்சிலைத் தேடிக்கொண்டிருந்தேன். என் மகள் என் முகத்தையே பார்த்தாள். வியாதி அவளுக்கும் இறங்கியிருந்தது. “அம்மா, உனக்கு ஏன் பாதிப் புருவம் இல்ல?” என்றாள்.

நான் வாய் திறப்பதற்குள் மாமி பதில் சொன்னார், கண்ணை மூடியபடியே.

“அது எங்கட வீட்டுக்கு வந்த சீதனம், பிள்ளை.”