ஹலோ அண்ணன் பிடுங்கிய ஒயர்கள்

கண்ணு யாழினி, முகிலா, நம் திருவண்ணாமலையில் அந்த மலை ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் திரும்பிப் பார்க்க வைத்தவர் ஹலோ அண்ணன்தான். மைக்செட் வாடகைக்கு விடுகிறவர். மைக் இருந்தாலும் இல்லாவிட்டாலும், "ஹலோ, ஹலோ" என்று சோதித்துவிட்டுத்தான் பேசுவார். "ஹலோ, ஹலோ, சக்கர கம்மியா ஒரு டீ!" என்றால் அடுத்த தெருக் கடையிலும் பால் பொங்கும். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்த நேரம் இவர் "ஹலோ" என்றதும், ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு, "சொல்லுங்க" என்றாராம்.

சத்தம் எப்படிப்பா காதுக்கு வருகிறது என்று கேட்டீர்களே. நான் பத்தாவதோடு நின்றவன். தெரிந்த மட்டும் சொல்கிறேன்.

ஹலோ அண்ணன் ஸ்பீக்கரை மல்லாக்கப் படுக்கவைத்து, மேலே பொரியைப் போட்டுப் பாட்டு வைப்பார். பொரி துள்ளும். "பாத்தியா, பொரிக்குக்கூட என் செட்டு புடிச்சிருக்கு!" என்பார். துள்ளக் காரணம், உள்ளே அதிர்கிற காகிதம். அது பக்கத்துக் காற்றைத் தள்ளும். அந்தக் காற்று அடுத்த காற்றைத் தள்ளும். பௌர்ணமியன்று தரிசன வரிசையில் பின்னால் ஒருவர் இடித்தால் முன்னால் இருப்பவர் வரை தள்ளாடுவோமே, அப்படி. ஆட்கள் அங்கேயேதான் நிற்கிறார்கள்; இடி மட்டும் போய்ச் சேருகிறது. அந்த இடிதான் சத்தம். ஆனால் அது போய்ச் சேரக் கொஞ்சம் நேரமாகும். அதை நான் புரிந்துகொண்ட நாளைச் சொல்கிறேன்.

யாழினி, அப்போது நீ சின்னக் குழந்தை. ஒரு பௌர்ணமி சாயங்காலம் கிரிவலக் கூட்டத்தில், பலூனைப் பார்த்து என் கையை உதறிக்கொண்டு போய்விட்டாய். எங்கே தேடியும் காணோம். அன்னதானப் பந்தலுக்கு ஓடினேன். மைக் முன்னால் ஹலோ அண்ணன். தன்னிடம் இருந்த குழாய் ஸ்பீக்கர் அத்தனையையும் அன்றுதான் பாதை நெடுகக் கம்பத்துக்குக் கம்பம் கட்டியிருந்தார்.

"ஹலோ, ஹலோ! மஞ்ச கவுனு போட்ட கொயந்த, பேரு யாழினி! பாத்தவங்க பந்தலுக்குக் கூட்டினு வாங்க!"

ஒயரில் மின்சாரம் எல்லாக் குழாய்க்கும் ஒரே நேரத்தில் போய்விட்டது. ஆனால் குழாயிலிருந்து சத்தம் காற்றில்தானே வர வேண்டும்? பக்கத்துக் குழாய் "யாழினி" என்னும்போது, தூரத்துக் குழாயின் "மஞ்ச" அப்போதுதான் வந்தது. அதற்கும் பின்னால் ஒரு "ஹலோ".

போகிற ஒருவர் எட்டிப் பார்த்து, "இன்னாபா, பந்தல காணோமா?" என்றார்.

"அண்ணா, ஒண்ணுமே புரியலண்ணா! எல்லாம் மோதினு வருது!" என்று கத்தினேன்.

"இரு, சவுண்டு ஜாஸ்தி பண்றேன்." பண்ணினார். குழப்பம்தான் ஜாஸ்தியானது. நான் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு, சத்தத்தைக் குறைத்துப் பழக்கமே இல்லாத அந்த மனிதர், மைக்செட் பெட்டியிலிருந்து ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கி எறிந்தார்.

பந்தல்காரர் கத்தினார்: "யோவ், இன்னாய்யா பண்ற?"

"கம்முனு இரு. கொயந்தய காணோம்."

பந்தல் வாசல் குழாய் ஒன்றுதான் மிச்சம். ஹலோ சொல்லாமல், நிதானமாக, "யாழினி கண்ணு, மாமா கூப்புடறேன், இங்க வாடா" என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

கரும்பு ஜூஸ் விற்கும் அக்கா ஒருவர் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். "எல்லாக் கம்பமும் கூப்பிட்டுச்சு, எந்தப் பக்கம் போறதுன்னே தெரியல. இப்பதாங்க ஒரே பக்கம் இருந்து வந்துச்சு."

ஹலோ அண்ணன் மூக்கைச் சிந்தினார். மைக்கை நிறுத்தவில்லை. மலை சுற்ற வந்தவர்கள் எல்லாம் அதைக் கேட்டார்கள்.

உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடியதில் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் காலை தனியாகப் போனேன். சுருட்டிய ஒயரைத் தலைக்கு வைத்துப் பந்தலிலேயே தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப மனசு வரவில்லை. கழற்றி வைத்திருந்த குழாய் பக்கத்தில் கிடந்தது. அதற்குக் காது கிடையாது என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் மண்டியிட்டு, அதன் அகன்ற வாய்க்குள், அவர் தூக்கம் கலையாதபடி, "ரொம்ப நன்றிண்ணா" என்றேன்.